புது ஜப்பானிய மேப்பிளில் எங்கே கத்தரி வைப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வசந்தகாலத்தில் நர்சரிகளில் மேப்பிள் வந்து இறங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "போன்சாய் (தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரம்) ஆக்க வாங்கிவிட்டேன், எங்கே வெட்டுவது?" இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

நர்சரியில் இரண்டடி உயர ஜப்பானிய மேப்பிள் வாங்கினேன். பச்சை இலை, ரகப் பெயர் இல்லை. அடிமரம் கட்டைவிரல் பருமன். போன்சாய் ஆக்க முதலில் எந்தக் கிளையை எடுக்கலாம் சார்? (ஹாரோ, லண்டன்)

கத்தரியை உள்ளே வைத்துவிட்டு ஒரு சாப்ஸ்டிக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரத்தைச் சுற்றி மேல்மண்ணை மெதுவாகக் கிளறி எடுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போனபிறகும் மரம் குச்சி மாதிரி நேராகவே இறங்கினால் கவலைப்பட வேண்டாம், இன்னும் போங்கள். நர்சரியில் தொட்டி மாற்றும்போதெல்லாம் செடியைச் சற்று ஆழமாகவே புதைப்பார்கள். அதனால் உண்மையான அடிவேர் கீழே ஒளிந்திருக்கும். சில செடிகளில் மேலே மெல்லிய வேர் ஒரு அடுக்கும், அதற்குக் கீழே பழைய தடித்த வேர் ஒரு அடுக்கும் இருக்கும்.

ஜப்பானியர் நெபாரி என்று சொல்லும் அந்த அடிவேர்ப் பரப்புதான் மேப்பிளுக்கு உயிர்நாடி. வேர் நாலு பக்கமும் பரவுகிறதா? ஒரு பக்கம் மட்டும் தடித்த வேர் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறதா? அடிமரத்தையே சுற்றி வளைத்துக்கொண்ட வேர் இருக்கிறதா? அப்படிச் சுற்றிய வேர் பின்னால் கழுத்தை இறுக்கும், தொட்டி மாற்றும் நாளில் அதை எடுத்தே ஆகவேண்டும். கிளை சரியில்லை என்றால் இன்னொன்று வளர்த்துக்கொள்ளலாம். வேர் சரியில்லை என்றால் எத்தனை வருடம் கிளை வளர்த்தாலும் கண் அங்கேதான் போகும்.

அடுத்து அடிமரம். மேலே போகப் போக ஒடுங்குகிறதா, கீழ்ப்பகுதியில் வளைவோ தாழ்ந்த கிளையோ உண்டா என்று பாருங்கள். மரத்தின் உயரம் அடிமரப் பருமனைப் போல ஆறு மடங்கு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. உங்கள் மரம் 2.5 சென்டிமீட்டர் பருமன் என்றால் 15 சென்டிமீட்டர் உயரம் வரும். கையில் இருப்பதோ 60. ஒன்று, பிற்பாடு நன்றாகக் கீழே வெட்டிச் சின்ன மரமாக ஆக்க வேண்டும். இல்லையென்றால் தரையிலோ பெரிய பெட்டியிலோ நட்டு, வெட்டாமல் ஓடவிட்டுப் பருமன் ஏற்ற வேண்டும். சின்னத் தொட்டியில் வைத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடிமரம் பருக்காது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

இந்த வருடமே செய்யக்கூடிய வெட்டு ஒன்று உண்டு. ஒரே கணுவிலிருந்து மூன்று, நாலு கிளை கிளம்பியிருந்தால் அந்த இடம் முட்டியாக வீங்கிவிடும். இலை முற்றியதும் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் இலையுதிர்ந்த பிறகு. இலை எல்லாக் குறையையும் மறைத்துவிடும். டோக்கியோவில் 1934-இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய் கண்காட்சி பிப்ரவரியில் நடக்கிறது. அங்கே மேப்பிள்கள் ஒற்றை இலை இல்லாமல்தான் மேடையேறும். மரத்தை எடைபோட அதுதான் சரியான கோலம். நீங்களும் இலை கொட்டியதும் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி மாற்றுவது அடுத்த வசந்தத்தில். மொட்டு உப்பி, இன்னும் பிரியாத அந்தச் சில நாட்கள்தான் சரியான நேரம். நேராகக் கீழிறங்கும் வேர்களை வெட்டி, பக்கவாட்டு வேர்களைத் தட்டையாகப் பரப்புங்கள். அகடாமா (ஜப்பானியக் களிமண் குருணை), பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல் கலவை நன்று. தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். அந்த வருடம் வேறு பெரிய வெட்டு வேண்டாம்.

டெஷோஜோ ரகம், நல்ல விலை கொடுத்து வாங்கினேன். மண்ணுக்கு நாலு விரற்கடை மேலே அடிமரத்தில் ஒரு வீக்கம், அதற்கு மேலும் கீழும் பட்டை வேறு வேறு நிறம். இது நோயா? (எடிசன், நியூஜெர்சி)

நோய் இல்லை, ஒட்டு. தோட்டக் கடைகளில் பெயர் போட்டு விற்கும் ரகங்களில் பெரும்பாலானவை சாதாரண மேப்பிள் நாற்றின் மேல் ஒட்டுக் கட்டியவைதான். தோட்டத்தில் நட்டால் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். போன்சாயில் கண்ணுக்கு நேரே நிற்கும். வயதாக ஆக மறையும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். இரண்டு மரமும் வெவ்வேறு வேகத்தில் பருப்பதால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

வழி இருக்கிறது: விண்பதியம். ஒட்டுக்கு மேலே புது வேர் வரவைத்து, மரத்தைப் பிரித்தெடுப்பது. டெஷோஜோ பதியத்தில் வேர் பிடிக்கும் ரகம்தான். வசந்தத்துச் சிவப்பு இலை முற்றிப் பச்சைக்குத் திரும்பும் நேரம், உங்கள் ஊரில் மே கடைசி அல்லது ஜூன், சரியாக இருக்கும். மரத்தின் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். பட்டைக்கு அடியில் விரலில் வழுக்கும் ஈரப்படலம் ஒன்று இருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி, வெள்ளை மரம் தெரியும்வரை துடைத்துவிட வேண்டும். பதியம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கீற்று மிச்சம் இருந்தாலும் மரம் பாலம் கட்டி மேலும் கீழும் சேர்ந்துவிடும், வேர் விடாது.

மேல் விளிம்பில் வேர் ஊக்கித் தூள் தடவி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியைச் சுற்றி பாலித்தீன் கட்டுங்கள். வெயில் படாமல் மேலே கறுப்புத் தாள். இரண்டு, மூன்று மாதத்தில் வெள்ளை வேர் தெரியும். அதைப் பார்த்ததும் அறுத்துவிடாதீர்கள். வேர் பழுப்பேறிக் கிளைவிட்டு உறையை நிரப்பட்டும். அறுத்து நடும்போது பாசியைப் பிய்க்க வேண்டாம், வேரோடு அப்படியே இருக்கட்டும். முதல் குளிர்காலம் உறைபனி படாத இடத்தில் வையுங்கள்.

இதில் ஒரு லாபம்: பதியத்து வேர் வளையத்தைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கிளம்பும். காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத நெபாரி அது. கீழே மிஞ்சும் அடிக்கட்டை துளிர்த்தால் அது இன்னொரு மரம்.

நூல் நூலாக இலை விடும், தொங்கும் சிவப்பு மேப்பிள் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

தோட்டத்துக்கு வாங்குங்கள். அது டிசெக்டம் வகை. கிளைகள் கீழே தொங்கும் பழக்கம், ஒட்டும் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். பெயரில்லாத சாதாரண நாற்றுச் செடி அதைவிட மலிவு, பழகவும் எளிது. ரகம்தான் வேண்டும் என்றால் கட்சுராவோ, சொரசொரப்பான பட்டைக்காக அரகாவாவோ பாருங்கள். கியோஹிமே அழகுதான், ஆனால் அகலமாகவே ஓடும், உச்சி பலவீனம்.

ஜூலையில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். (நியூஜெர்சி)

ஊற்றுகிறீர்கள், உள்ளே போகிறதா? நர்சரித் தொட்டியில் வரும் பீட் (மட்கிய பாசி) மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை வாங்காது. தொட்டி ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். குச்சியைச் செருகிப் பாருங்கள். காய்ந்திருந்தால் தொட்டியோடு ஒரு வாளி நீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுங்கள். காலை வெயில் போதும், நண்பகலுக்குப் பிறகு நிழல் வேண்டும். அனல் காற்றும் ஆகாது. கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது, விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மரம் முழுக்க இல்லாமல் ஒரே ஒரு கிளை திடீரென்று வாடினால் அதை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். பழுப்பு வளையமோ கீற்றோ தெரிந்தால் வெர்ட்டிசிலியம் வாடல் நோயாக இருக்கலாம். மண்வழி வரும் பூஞ்சை, அதற்கு மருந்து கிடையாது. கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள். அந்த மண்ணையும் வேறு தொட்டிக்குப் போடாதீர்கள்.

மார்ச்சில் உச்சியை வெட்டினேன். குழாய் மாதிரித் தண்ணீர் ஒழுகுகிறது. மரம் செத்துவிடுமா அண்ணா?

சாகாது. மொட்டு பிரியும் முன் மேப்பிளில் சாறு ஏறும் அழுத்தம் அதிகம், இலை விரிந்ததும் தானே நின்றுவிடும். இனி பெரிய கவாத்தை இலை முற்றிய ஜூனிலோ, இலை கொட்டியவுடனோ வைத்துக்கொள்ளுங்கள். கணுவை ஒட்டி வெட்டாதீர்கள், ஒரு விரற்கடைக் கட்டையை விடுங்கள். வெட்டிய நுனி கொஞ்சம் பின்வாங்கிக் காயும். காய்ந்தபின் சுத்தமாக எடுத்து, காயத்துக்குப் பசை பூசுங்கள்.

தளிர் வரும்போதே நடு நுனியைக் கிள்ளச் சொல்கிறார்கள். என் புதுச் செடிக்கும் செய்யவா?

வேண்டாம். அது வடிவம் முடிந்த மரத்துக்கு, கணு இடைவெளியைச் சுருக்கச் செய்வது. கிள்ளக் கிள்ள மரம் இளைக்கும். வளரவேண்டிய மரத்தை ஓடவிடுங்கள், பிறகு முதல் இரண்டு இலையை மட்டும் விட்டு வெட்டுங்கள். கம்பி கட்டினால் வாரம் ஒருமுறை பாருங்கள். மேப்பிள் பட்டை மெல்லியது, தழும்பு ஆற வருடங்கள் ஆகும்.

சென்னையில் மாடியில் வளர்க்க முடியுமா? இணையத்தில் விதை விற்கிறார்கள்.

முடியாது என்றே சொல்வேன். குளிர்கால உறக்கம் இல்லாமல் இந்த மரம் நீடிக்காது, ஏசி அறை அதற்கு ஈடாகாது. சென்னை வெயிலுக்கு இச்சி, ஆல், புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ எல்லாம் அருமையான போன்சாய் மரங்கள்.

குளிர்காலத்தில் வெளியே மைனஸ் இருபது போகும். வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் வைக்கட்டுமா? (ஸ்கார்பரோ)

சூடான வீட்டுக்குள் வேண்டாம், உறக்கம் கலைந்துவிடும். வெளியே விட்டாலும் ஆபத்து. கிளை தாங்கும் குளிரைத் தொட்டிக்குள் இருக்கும் வேர் தாங்காது, மைனஸ் பத்துக்குக் கீழே போக விடாதீர்கள். இலை முழுக்கக் கொட்டியதும் ஹீட்டர் இல்லாத கராஜில், சுவரோரம் தரையில் வையுங்கள். இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் மண் காயக்கூடாது, இரண்டு வாரத்துக்கொருமுறை தொட்டுப் பாருங்கள். மொட்டு உப்பத் தொடங்கியதும் வெளியே எடுங்கள். அதன்பிறகு இரவு உறைபனி அறிவிப்பு வந்தால் அன்று மட்டும் திரும்ப உள்ளே.