ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதம் உண்மையிலேயே மலைதானா?

மலை இல்லை, மணல்மேடு. கோயிலுக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். பாம்பன் தீவே பவளப்பாறையும் மணலும் சேர்ந்த தட்டையான நிலம். காற்று குவிக்கும் மணலை உடைமரமும் பனையும் வேர்விட்டுப் பிடித்துக்கொள்கின்றன.

சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர்? அதுவும் மணலில்தான். மழைநீர் உள்ளே இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது. தனுஷ்கோடியில் மீனவர்கள் மணலில் ஊற்று தோண்டி எடுப்பது இதைத்தான். ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்பு ஏறிவிடும்.

அப்புறம், மேட்டின் மேல் இரண்டடுக்கு மண்டபம். உள்ளே ராமர் பாதம். இங்கே நின்றுதான் ராமர் இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. சாயங்காலமாகப் போங்கள், மதியத்தில் படி சுடும்.