வலைக்குள் எவ்வளவு தண்ணீர் போனது?

அன்புள்ள ஐயா,

விலங்கியலில் இளங்கலை முடித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலை சேரப் போகிறேன். சொந்த ஊர் தருமபுரி. கடலோடு பழக்கமில்லை, நீச்சலும் தெரியாது. சேருமுன் எதைக் கற்றுக்கொள்ளலாம்? எந்த உயிரினத்திலிருந்து தொடங்குவது?

க., தருமபுரி

அன்புள்ள க.,

நீச்சலை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த பிறகும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகேறாதீர்கள்.

மிதவை உயிரிகளில், அதாவது நீரோட்டத்தின் போக்கில் மிதந்து செல்லும் உயிரினங்களில் (பிளாங்க்டன்), தொடங்குங்கள். பெரும்பாலான மீன்களும் நண்டுகளும் குஞ்சுப் பருவத்தில் மிதவை உயிரிகளே. பரங்கிப்பேட்டை இதற்கு வாகான இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டியே இருக்கிறது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் வந்தால் கழிமுகத்தின் உப்பு சட்டென்று இறங்கும், கோடையில் கடல்நீர் அளவுக்கு ஏறும். உப்போடு உயிரினங்களும் மாறும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது உயிரினத்தை இனங்காண்பதில் அல்ல, எண்ணிக்கையில். மிதவை உயிரிகளைப் பிடிக்கும் வலையின் வாய் 30 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 0.07 சதுர மீட்டர். 100 மீட்டர் இழுத்தால் சுமார் 7 கன மீட்டர் நீர் வடிகட்டப்படும். மாதிரியை 100 மி.லி. ஆக்கி, நன்றாகக் கலக்கி, அகன்ற வாய்ப் பிப்பெட்டால் 1 மி.லி. எடுத்து எண்ணும்போது 70 கோப்பிப்பாடுகள் (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய ஓட்டுயிரிகள்) இருந்தால், மொத்தம் 7,000. ஒரு கன மீட்டருக்கு 1,000. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 100 மீட்டர் படகு போன தூரமா, வலைக்குள் நீர் போன தூரமா? வற்றத்தில் (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) நீரோட்டத்தை எதிர்த்து இழுத்தால் படகு நகர்ந்ததைவிட அதிக நீர் வலைக்குள் போகும். கலங்கல் கண்ணிகளை அடைத்துவிட்டால் நீர் வலைக்கு வெளியே வழிந்து போகும். வலைவாயில், உள்ளே போகும் நீரை அளக்கும் நீரோட்டமானி கட்டாமல் எடுத்த எண்ணிக்கையை யாரோடும் ஒப்பிட முடியாது. விலங்கு மிதவைகளுக்கு 200 மைக்ரான் கண்ணி பொதுவாகப் பயன்படும்; தாவர மிதவைகளுக்கு அதைவிட நுண்ணிய வலை வேண்டும். ஏற்றமா வற்றமா, பகலா இரவா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். விலங்கு மிதவைகளில் பல இரவில்தான் மேலே வரும். பகலில் மேல்நீரில் மட்டும் வலை போட்டுவிட்டு 'உயிர் குறைவு' என்று எழுதுவது தவறு.

மாதிரியைப் பதப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். 95 மி.லி. கடல்நீர் மாதிரிக்கு 5 மி.லி. கடைச்சரக்கு ஃபார்மலின் போதும். அதில் முன்கூட்டியே போராக்ஸ் கலந்து அமிலத்தன்மையை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் சிப்பிக் குஞ்சுகளின் ஓடு நாளடைவில் கரைந்துவிடும். உயிரிகள் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைந்திருந்தால் அழுகும், இரண்டாகப் பிரியுங்கள். சீப்பு ஜெல்லிகள் ஃபார்மலினில் உருக்குலைந்துவிடும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே பார்த்து எண்ணிவிட வேண்டும். மரபணு ஆய்வுக்கு என்றால் ஃபார்மலின் கூடாது, 95% எத்தனால். லேபிளைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள் போடுங்கள்.

கரைவலைக்காரர்களோடு பேசிப் பழகுங்கள். நீரின் நிறமும் ஓட்டமும் மாறுவதை, கருவி காட்டுமுன் அவர்கள் சொல்வார்கள். மீனின் ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

மன்னார் வளைகுடாவுக்குக் களப்பயணம் போனால், கரையொதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. ஆய்வுக்குத் தேவையென்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி கையில் வந்த பிறகே சேகரிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், தலைப்பு முடிவானதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.