தலவாக்கலைத் தம்பிக்கு: முதலில் தோட்டத்து ஆபீஸுக்குப் போங்கள்

தம்பி, நிதியுதவிக்குப் பெற்றோரின் வருமான ஆவணங்களைப் பெப்ரவரி 15க்குள் அனுப்பச் சொல்லி அமெரிக்கக் கல்லூரி எழுதியிருக்கிறது, அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, எதை அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே ஜாக்கெட், சோறு பற்றியும். சோறு எங்கேயும் கிடைக்கும். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்களுக்குச் சமாளிக்க வரும். ஆவண விஷயத்தில்தான் நான் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது.

ஃபாஃப்ஸா, ஃபாஃப்ஸா என்று எல்லோரும் சொல்வார்கள். அது அமெரிக்க அரசின் மாணவர் உதவி விண்ணப்பம். மாணவர் விசாவில் வரும் நமக்கு அது இல்லை. பெரும்பாலும் கல்லூரிகள் தங்கள் உதவியைத் தீர்மானிக்கப் பார்க்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தை நிரப்பி, ஐடாக் என்ற இணையத்தளம் வழியாக ஆவணங்களைப் பதிவேற்றச் சொல்வார்கள். புரொஃபைலுக்குக் கட்டணம் உண்டு. கட்ட முடியாது என்று கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வரிக் கணக்கு கேட்கும் இடத்தில் பயப்படாதீர்கள். வரி கட்டாதவர்கள் அப்படியே எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. அதோடு தோட்டத்து ஆபீஸில் சம்பளக் கடிதம், பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டை. ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதாதீர்கள். கொழுந்து நிறைந்த மாதமும் வறட்சி மாதமும் ஒன்றா? ஈபிஎஃப் என்ற சேமலாப நிதி, சங்கச் சந்தா, அட்வான்ஸ் எல்லாம் வெட்டுவதற்கு முன் உள்ள தொகையைப் போட வேண்டும். வீட்டின் பெறுமதி கேட்டால், நாங்கள் இருக்கும் லயம் என்ற வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம், எங்களுக்கு இல்லை என்று எழுதுங்கள்.

பெயர்களையும் இன்றே பாருங்கள். என் அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வேறு, ஈபிஎஃப் அட்டையில் மூன்றாவது விதம். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கவே ஒரு வாரம் போனது.

15ஆம் தேதி நள்ளிரவு வரை என்றால், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நமக்கு 16ஆம் தேதி காலை பத்தரை. அதை நம்பி இருக்காதீர்கள். மழையில் கரண்ட் போனால் யாரைக் கேட்பது?

இங்கே சிலர், வங்கியில் கடன் காசு போட்டுக் காட்டு என்பார்கள். உதவி கேட்பவன் பணக்காரனாகக் காட்டினால் யார் தருவார்கள்? இதே ஆட்கள்தான் விருந்தில் ஊர் கேட்டு, ஹட்டன் என்றதும் "ஓ, எஸ்டேட்டா" என்று பேச்சை மாற்றுவார்கள்.

என் காலத்தில் எல்லாம் ஃபேக்ஸ்தான். கிளாக்கர் ஐயா ஐந்து நாள் "நாளைக்கு வா" என்றார், தோட்ட மேனேஜர் துரை கொழும்பில். கடைசி நாள் அம்மா மலையிலிருந்து கூடையோடே வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். கையெழுத்து கிடைத்தது. ஹட்டனில் ஃபேக்ஸ் அனுப்பும் கொமியூனிகேஷன் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தோம், மூன்று பக்கம் போய் லைன் அறுந்தது, மறுபடி காசு.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அம்மாவின் சிட்டைகளை நான் வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தேன். "அரைப்பேர்" என்பதற்கும் அப்படியே ஆங்கிலத்தில் பாதிப் பெயர் என்று எழுதிவிட்டேன். யாருடைய பெயரில் பாதி என்று கேட்டார். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் என்று விளக்கினேன். "அதற்கும் நாள் முழுக்க வேலை செய்திருப்பார்களா?" என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.