பத்து நாள்ல ஆறாயிரம் கிலோமீட்டர்: மகன் போட்ட கேம்பர்வேன் ப்ளான்

கேள்வி: மகன், மருமக, நாலு வயசு பேரன் மெல்போர்ன்ல இருக்காங்க. டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் மூணு மாசம் அங்க போறோம். கிறிஸ்துமஸ் லீவுல கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து பத்து நாள் சுத்தலாம்னு மகன் எக்ஸெல்ல ப்ளான் போட்டு அனுப்பிருக்கான். மெல்போர்ன், கிரேட் ஓஷன் ரோடு, அடிலெய்ட், உலுரு, சிட்னி, திரும்ப மெல்போர்ன். வீட்டுக்காரருக்கு 66 வயசு, முட்டி வலி, ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிப்பார். அஞ்சு பேரும் வேன்லயே படுக்க முடியுமா? சமைக்க முடியுமா? இங்கருந்து என்ன எடுத்துட்டு வரலாம்? மகன்ட்ட கேட்டா "எல்லாம் பாத்துக்கலாம்மா"ங்கறான்.
- மதுரை வாசகி

பதில்:

அக்கா, உங்க லெட்டர படிச்சதும் முதல் வேலையா அந்த ரூட்ட கூட்டிப் பாத்தேன். மெல்போர்ன்லருந்து கடலோரமா அடிலெய்ட் போக சுமார் 1,000 கி.மீ. அங்கருந்து உலுரு 1,600. உலுருலருந்து சிட்னி 2,800. சிட்னிலருந்து மெல்போர்ன் 880. எல்லாம் சேத்தா 6,000-த்த தாண்டுது. மதுரைலருந்து டெல்லிக்கு ரோட்டுலயே போய்ட்டு ரோட்டுலயே திரும்பி வந்தாக்கூட இவ்ளோ ஆகாது. ஒரு நாளைக்கு 600 கி.மீ.க்கு மேல, அதுவும் வீட்டையே முதுகுல கட்டிட்டு போற வண்டில, நாலு வயசுப் பிள்ளைய சீட்டுல கட்டிப் போட்டுட்டு. மேப்ல பாக்கும்போது எல்லாம் பக்கத்து பக்கத்துல இருக்கற மாதிரிதான் தெரியும், நானும் இங்க வந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன், பையன் மேல தப்பில்ல.

அதனால முதல்ல உலுருவையும் சிட்னியையும் அந்த எக்ஸெல்லருந்து அழிக்கச் சொல்லுங்க. உலுரு பாக்க வேண்டிய இடம்தான், 348 மீட்டர் ஒசரத்துக்கு ஒரே கல்லு, சாயங்காலம் அது நெறம் மாறுறத பாத்தவங்க மறக்க மாட்டாங்க. ஆனா டிசம்பர், ஜனவரில அங்க வெயில் 40 டிகிரிய தொடும், பக்கத்துல கட்டா ஜூட்டாங்கற பாறைக் கூட்டத்துல பள்ளத்தாக்குக்குள்ள போற நடைபாதைய 36 டிகிரி வரும்னு சொல்லிட்டாலே காலைல 11 மணிக்கு மூடிடுவாங்க. கல்லு மேல ஏறுறது 2019 அக்டோபர் 26-லருந்து யாருக்குமே கிடையாது, அந்த மண்ணோட சொந்தக்காரங்களான அனாங்கு மக்களுக்கு அது புனிதமான இடம், ரொம்ப வருஷமா ஏறாதீங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க. இன்னொரு வருஷம் ஜூன், ஜூலைல வந்தா மெல்போர்ன்லருந்து ஃப்ளைட்ல போயி மூணு நாள் தங்கிட்டு வாங்க. அதுக்கு வேனே வேணாம்.

வேன்னா என்னன்னா அக்கா, அது தூரம் ஓட்டறதுக்கான வண்டி இல்ல, கூட்டம் கலைஞ்சப்புறமும் ஒரு இடத்துல இருக்கறதுக்கான வண்டி. ட்வெல்வ் அப்போஸ்டில்ஸ்னு கடலுக்குள்ள நிக்கிற சுண்ணாம்புப் பாறைங்க ஃபோட்டோ பாத்துருப்பீங்க. மெல்போர்ன்லருந்து டூரிஸ்ட் பஸ் மத்தியானம் வந்து கொட்டிட்டு அஞ்சு மணிக்குள்ள அள்ளிட்டுப் போயிடும். கோடைல அங்க சூரியன் மறையறது ராத்திரி எட்டே முக்கால். 12 கி.மீ. தள்ளி போர்ட் கேம்ப்பெல்ல வேன நிறுத்தினவங்களுக்குத்தான் அந்த கடைசி ஒரு மணி நேரம். பன்னெண்டுன்னு பேரு வச்சுட்டாங்களே தவிர இருந்தது ஒம்போதுதான், 2005 ஜூலைல ஒண்ணு பொலபொலன்னு உதிந்து விழுந்து இப்ப எட்டு. அல அடில அரிச்சுட்டே இருக்குல்ல. கொஞ்சம் தள்ளி லண்டன் பிரிட்ஜ்னு ஒரு பாறைப்பாலம், 1990 ஜனவரில கரைய ஒட்டின வளைவு இடிஞ்சு விழுந்து, அந்தப்பக்கம் ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, ஹெலிகாப்டர் வந்துதான் தூக்குச்சு.

இந்த ரெண்டுக்கும் நடுவுல லாக் ஆர்ட் கார்ஜ்னு ஒரு இடம். எனக்கு அப்போஸ்டில்ஸ விட இதுதான் பிடிக்கும். ரெண்டு பக்கமும் செங்குத்தா சுவர் மாதிரி பாறை, நடுவுல கைக்குட்டை அளவுக்கு மணல். 1878 ஜூன் 1-ம் தேதி இங்கிலாந்துலருந்து மெல்போர்ன் வந்துட்டிருந்த லாக் ஆர்ட் கப்பல் மூணு மாசம் கடல்ல வந்துட்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான்ங்கறப்ப பனில கரை தெரியாம இங்க மோதிடுச்சு. 54 பேர்ல பொழச்சது ரெண்டே பேர், டாம் பியர்ஸ்னு கப்பல்ல வேல பாத்த பையன், ஈவா கார்மைக்கேல்னு ஒரு பொண்ணு. அவன் நீந்தி கரைக்கு வந்துட்டு, அந்தப் பொண்ணு கத்துறது கேட்டு திரும்ப கடலுக்குள்ள போயி இழுத்துட்டு வந்துருக்கான். அந்த மணல்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க, ஆனா பேரன தண்ணில விடாதீங்க. இங்க எந்த பீச்சா இருந்தாலும் சிவப்பு மஞ்சக் கொடி ரெண்டுக்கும் நடுவுலதான் குளிக்கணும், கொடி இல்லன்னா கால் நனைக்கறதோட சரி.

நான் போடற ப்ளான் இதுதான். முதல் நாள் வேன் எடுத்து கைக்கு வரவே மத்தியானம் ஆயிடும், அன்னிக்கு 100 கி.மீ. தள்ளி டார்க்கேல போயி படுத்துருங்க. அடுத்து அப்போலோ பே ரெண்டு ராத்திரி. வழில கென்னட் ரிவர்ல நிறுத்தி மரத்த அண்ணாந்து பாத்தா கோலா தெரியும், ஆட்டுக்குட்டி கணக்கா தூங்கிட்டே இருக்கும். அப்புறம் போர்ட் கேம்ப்பெல் ரெண்டு ராத்திரி, போர்ட் ஃபேரி ஒண்ணு. போர்ட் ஃபேரிக்கு முன்னாடி டவர் ஹில்னு அணைஞ்ச எரிமலை வாய்க்குள்ளயே ரோடு இறங்கும், ஈமு கோழி வண்டி பக்கத்துல வந்து எட்டிப் பாக்கும். அங்கருந்து கடல விட்டுட்டு மேல ஏறி கிராம்பியன்ஸ் மலைல ஹால்ஸ் கேப், மூணு ராத்திரி. கடைசி நாள் பல்லாரட் வழியா வீடு. மொத்தமே 800, 900 கி.மீ.தான். அடிலெய்டும் கட், பையன் மூஞ்ச தூக்குவான், தூக்கட்டும்.

ஹால்ஸ் கேப்ல சாயங்காலம் ஊர் கிரவுண்டுலயே கங்காரு கூட்டமா மேயும், பேரனுக்கு அது போதும். உங்க வீட்டுக்காரருக்கு பொரோக்கா லுக்அவுட், கார் பார்க்லருந்து நாலு எட்டு வச்சா பள்ளத்தாக்கு முழுசும் காலடில. மெக்கென்ஸி அருவிக்கு கீழ இறங்குற படி நெறைய, அதெல்லாம் மருமகளும் பையனும் போகட்டும், நீங்க மேலருந்தே பாருங்க. 2024 டிசம்பர்ல அந்த மலைல பெரிய காட்டுத்தீ வந்துச்சு, அதனால எந்தப் பாதை திறந்துருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்ஸ் விக்டோரியா சைட்ல பாத்துக்கச் சொல்லுங்க. காட்டுத்தீ எச்சரிக்கை சொல்ற விக்எமர்ஜென்சி ஆப் ஃபோன்ல கண்டிப்பா இருக்கணும்.

ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை. கிரேட் ஓஷன் ரோடு முதல் உலகப்போர்லருந்து திரும்பின சோல்ஜர்ஸ் 1919-லருந்து 1932 வரைக்கும் கடப்பாரையும் மம்பட்டியும் வச்சு வெட்டின ரோடு, செத்துப்போன கூட்டாளிங்களுக்கு நினைவுச்சின்னமே அந்த ரோடுதான். 240 கி.மீ. வளைவுதான். நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓட்டறதால டார்க்கேலருந்து மேற்க போறப்ப கடல் உங்க ஜன்னலோரமா வரும், அதனாலதான் இந்த திசைல போகச் சொல்றேன். பின்னாடி நாலு கார் சேந்துட்டா ஸ்லோ வெஹிக்கிள் டர்ன்அவுட்னு போர்டு வரும், அதுல ஒதுங்கி வழிவிட்டுரணும். இருட்டினப்புறம் தூரமா ஓட்டவே கூடாது, கங்காரு, அதுலயே சின்ன சாதியான வாலபி எல்லாம் அந்த நேரத்துலதான் ரோட்டுக்கு வரும். அப்போஸ்டில்ஸ்ல சூரியன் மறையறத பாத்துட்டு திரும்புற அந்த 12 கி.மீ. மட்டும் 60-க்கு மேல போகாம உருட்டிட்டே வந்துரலாம்.

இப்ப படுக்கை. ஆறு பேர் படுக்கலாம்னு விளம்பரத்துல போட்டுருப்பாங்க, நம்பாதீங்க. ஒரு கட்டில் டிரைவர் தலைக்கு மேல, ஏணில ஏறணும், குனிஞ்சுதான் உக்காரணும். இன்னொண்ணு சாப்பாட்டு டேபிள இறக்கி, மெத்தைய அடுக்கினாத்தான் கட்டில், அதாவது ஒருத்தர் ஒம்போது மணிக்கு தூங்கணும்னா எல்லாரும் ஒம்போது மணிக்கு தூங்கணும். ராத்திரி உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சா வேனே ஆடும். அதனால பையனும் மருமகளும் பேரனும் வேன்ல படுக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் வேன காசு குடுத்து நிறுத்தற அதே இடத்துல, கேரவன் பார்க்னு சொல்வாங்க, அங்கயே கேபின் எடுத்துக்கோங்க. உள்ளயே பாத்ரூம் இருக்கற கேபினா பாத்து போடணும். செலவு கூடத்தான், ஆனா மறுநாள் காலைல எல்லாரும் சிரிச்ச மூஞ்சோட காபி குடிப்பீங்க. பகல் முழுக்க வேன் உங்க எல்லாருக்கும் வீடுதான்.

செலவ மிச்சம் பண்ண பீச் கார் பார்க்ல சும்மா நிறுத்தி தூங்கலாம்னு யாராவது ஃப்ரெண்ட் பையனுக்கு ஐடியா குடுத்துருப்பான். அந்தக் கடலோரத்துல அப்படி தூங்க விட மாட்டாங்க, ஃபைன் போடுவாங்க. கேரவன் பார்க்ல பவர்டு சைட்டுன்னு கேட்டு போடணும். வயர சொருகினாத்தான் ஏசி, மைக்ரோவேவ் எல்லாம் ஓடும், இல்லன்னா பேட்டரில லைட்டும் ஃப்ரிட்ஜும் மட்டும்தான். கரண்ட் நம்மூர் வோல்டேஜ்தான், சின்ன மிக்ஸி கொண்டு வந்தா ஓடும், பின்னு மட்டும் வேற, அடாப்டர் வேணும்.

சமையல். தாராளமா முடியும், ஆனா வேனுக்குள்ள தாளிக்காதீங்க. நான் முதல் தடவை போனப்ப காலைல ஆறரை மணிக்கு உப்புமாவுக்கு கடுகு போட்டேன், மிளகா கிள்ளிப் போட்டதும் ஸ்மோக் அலாரம் கத்த ஆரம்பிச்சு பக்கத்து வேன்லருந்து ஒரு தாத்தா ட்ரவுசரோட ஓடி வந்துட்டார். பார்க்லயே கேம்ப் கிச்சன்னு பொதுவா ஒரு சமையல் கட்டு இருக்கும், அடுப்பு, சிங்க் எல்லாம் உண்டு, வறுக்கறது தாளிக்கறது அங்க. இன்னொரு கூத்து, லோர்ன் தாண்டி முதல் வளைவுல மேல் அலமாரி கதவு திறந்து, எண்ணெய்ல கொழச்சு வச்சுருந்த இட்லிப்பொடி டப்பா என் வீட்டுக்காரர் தோள்ல விழுந்து சட்டை, சீட்டு, ஹேண்ட்பிரேக் வரைக்கும் நல்லெண்ணெய். கதவு கொக்கிய ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கணும்னு வண்டி குடுத்தவர் சொல்லத்தான் செஞ்சார், நாங்க செல்ஃபி எடுத்துட்டு இருந்தோம். பொடிய காஞ்ச பொடியாவே வச்சுக்கோங்க.

டாய்லெட் விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். வேன் டாய்லெட்டுக்கு அடில ஒரு பெட்டி, அத யாராவது கைல தூக்கிட்டு போயி டம்ப் பாயிண்ட்ல கொட்டி கழுவணும். ராத்திரி அவசரத்துக்கு ஒண்ணுக்கு மட்டும், மத்ததுக்கு பார்க் பாத்ரூம்னு முதல் நாளே சட்டம் போட்டுருங்க.

அங்கருந்து எடுத்துட்டு வர்றதுல கருவேப்பிலைய மறந்துருங்க, பச்சை இலை, பழம், விதை எதுவும் உள்ள விட மாட்டாங்க. பொடி, வடாம், ஊறுகான்னு எது கொண்டு வந்தாலும் ஃப்ளைட்ல குடுக்கற கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு டிக் பண்ணிருங்க. டிக் பண்ணி காட்டினா அதிகபட்சம் தூக்கிப் போடுவாங்க, மறைச்சு மாட்டினா ஃபைன், விசாக்கே பிரச்சனை வரலாம். மெல்போர்ன்லயே டான்டெனாங்ங்கற ஏரியால நம்ம கடைங்கள்ல முருங்கக்காலருந்து எல்லாம் கிடைக்குது, வேன் எடுக்கறதுக்கு முந்தின நாள் போயி வாங்கிக்கோங்க.

பையன்கிட்ட கேக்க வேண்டியது மூணு. பேரனுக்கு இங்க சைல்டு சீட் இல்லாம ஓட்டக்கூடாது, அத மாட்டற கொக்கி அந்த வேன்ல எந்த சீட்டுல இருக்குன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டானா? எல்லா சீட்டுலயும் இருக்காது. ரெண்டாவது, இன்சூரன்ஸ்ல மேல் கூரையும் அடிப்பக்கமும் சேருமான்னு படிச்சானா? வேன் மூணு மீட்டருக்கு மேல ஒசரம், வண்டில உக்காந்தே சாப்பாடு வாங்கற ட்ரைவ் த்ரூ வாசல் கம்பில கூரை இடிச்சா கைக்காசுதான். மண் ரோட்டுல போக அனுமதி இருக்கான்னும் அதுலயே இருக்கும். மூணாவது தேதி. கிறிஸ்துமஸ்லருந்து ஜனவரி கடைசி வரைக்கும் ஸ்கூல் லீவு, அப்போலோ பேல சைட் கிடைக்கறது குதிரைக்கொம்பு, கிடைச்சாலும் டபுள் ரேட். நீங்கதான் மூணு மாசம் இருக்கீங்களே, பிப்ரவரி ரெண்டாவது வாரம் பையன லீவு போடச் சொல்லுங்க. வெயில் இருக்கும், கூட்டம் இருக்காது. ஹால்ஸ் கேப் கேபின மட்டும் இப்பவே போட்டுரச் சொல்லுங்க, தரைத்தளமா, படி இல்லாம.