மலையே இல்லாத வன்னியில் இருந்து மலைச் சைக்கிளோட்டத்துக்குப் பழகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கேட்டவருக்கு 26 வயது, கிளிநொச்சியில் வேலை. செப்டெம்பரில் கண்டியிலிருந்து நுவரெலியா ஏறி, அன்றைக்கே கண்டிக்கு இறங்குகிற சைக்கிளோட்டம் ஒன்றில் சேரப் போகிறார். போக வர 150 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஊரில் ஏற்றம் என்று சொல்ல இரணைமடுக் குளக்கட்டுதான் இருக்கிறது. கையில் ஐந்து மாதம். இங்கேயே பழகினால் போதுமா, மலைநாட்டில் போய் நின்றுதான் பழகவேண்டுமா?

மலை ஏறுகிற கால்பலத்தை இங்கேயே உண்டாக்கலாம் தம்பி. இறங்குகிற கைப்பழக்கத்தை இங்கே உண்டாக்க முடியாது. ஆகவே மலைக்குப் போகக் கிடைக்கிற ஒன்றிரண்டு கிழமை இறுதிகளை ஏற்றத்தில் செலவழிக்காதீர்கள், இறக்கத்துக்கு வையுங்கள். பெரும்பாலான ஆட்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்லுவார்கள்.

நான் பரந்தன்காரன். வேகமான ஓட்டக்காரன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பாதையைச் சில தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். தட்டை நிலத்துக்காரனுக்கு மலை ஒத்துவராது என்று யாராவது சொன்னால் ஒல்லாந்துக்காரரைக் காட்டுங்கள். அவர்களுடைய நாட்டுப் பெருநிலத்தில் ஆக உயரமான இடமே 322 மீற்றர்தான். ஆனால் டூர் டி பிரான்ஸில் அல்ப் டுவேஸ் என்ற 21 வளைவு மலையின் உச்சியில் 1976 முதல் 1989 வரை எட்டுத் தடவை வென்றவர்கள் ஒல்லாந்துக்காரர். அவர்களிடம் மலை இல்லை, எதிர்க்காற்று இருக்கிறது. அது எங்களிடமும் இருக்கிறது. பளையில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

முதலில் ஏற்றத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868 மீற்றர். பேராதனை தாண்டிக் கம்பளை வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் றோட்டு பெரும்பாலும் உயர்ந்துகொண்டே போகும். புசல்லாவை, தவலந்தென்னைச் சந்தி, இறம்பொடை என்று போய், இறம்பொடைக்கு மேலே லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறுகிற பகுதிதான் ஆளைச் சோதிக்கிறது. அங்கே செங்குத்து என்று எதுவும் இல்லை. ஆனால் உழக்குவதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். ஏ9 வீதியில் களைத்தால் பத்துச் செக்கன் காலை ஓயவிட்டு உருளலாமே, அந்தச் சலுகை அங்கே கிடையாது. மணிக்கணக்காகக் கால் ஓயாது. நீங்கள் பழகவேண்டியது இதைத்தான்.

பயிற்சிக்கு முன்னம் கியரைப் பார்க்கவேண்டும். கேள்வியில் நீங்கள் இதைத் தொடவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. கணக்கைச் சொல்கிறேன். உங்கள் உடம்பும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். நூற்றுக்கு ஏழு சரிவில் மணிக்கு 8 கிலோமீற்றர் போக ஏறத்தாழ 140 வாற்று வலு வேண்டும். பழகிய காலுக்கு அது பெரிய விசயமில்லை. ஆனால் அந்த வலுவை எந்தச் சுற்றில் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண லுமாலா சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் போகும். 8 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு இருபத்தைந்து சுற்றுத்தான். ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிடுங்கும். றேஸ் சைக்கிளில் முன்னுக்கு 34 பல்லு, பின்னுக்கு 28 என்றால் ஐம்பது சுற்றுக் கிடைக்கும். பின்னுக்கும் 34 போட்டால் அறுபதைத் தாண்டலாம். மூன்று மணித்தியாலம் ஏறும்போது இந்தப் பத்துச் சுற்று வித்தியாசம் என்னவென்று முழங்கால் சொல்லும்.

பின் பல்லுத் தொகுதியை மாற்றுமுன் உங்களுடைய கியர் மாற்றி அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள். கட்டையான மாற்றி 34ஐப் பிடிக்காது. உங்களிடம் இருப்பது மலைச்சைக்கிள் என்றால் கவலையே வேண்டாம், அதில் இதைவிட இலேசான கியர் இருக்கும். முள்ளு ரயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான ரயர் போட்டால் போதும். காபன் பிறேம் வாங்க யோசிக்க வேண்டாம். மொத்த எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏற்றத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு நேரம்தான் மிச்சம். அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கும் காணாது.

இனிக் காற்று. யூனிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். உங்களுடைய ஐந்து மாதத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் வருகிறது, நல்ல காலம். 25 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு எதிரே நீங்கள் 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால், உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிற விசை ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைச் சரிவில் ஏறுவதற்குச் சமம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிர்க்காற்றில் எல்லாரும் குனிந்து ஒளிப்பார்கள். நீங்கள் நிமிர்ந்து, கையை ஹாண்டிலின் மேற்பகுதியில் வைத்து, சீற்றில் சற்றுப் பின்னுக்கு இருந்து உழக்குங்கள். காற்று நெஞ்சில் முழுதாக அடிக்கும். அடிக்கட்டும். மலையில் ஏறும்போது உடம்பு இருக்கிற நிலை அதுதான், இடுப்புக்கும் முதுகுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

நீண்ட ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்த சுற்று ஒன்று உண்டு. கிளிநொச்சியிலிருந்து பரந்தன், அங்கே திரும்பித் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே முல்லைத்தீவு. பிறகு முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம். மாங்குளத்திலிருந்து ஏ9இல் வடக்கே வீடு. 130 கிலோமீற்றர் சொச்சம் வரும். சோளகக் காலத்தில் இந்தச் சுற்றை வேண்டுமென்றே வரைந்ததுபோல இருக்கும். முல்லைத்தீவுக்குப் போகும்போது காற்று பெரிதாக மறிக்காது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு மேற்கும் தென்மேற்குமாகத் திரும்புகிறீர்கள், வெயிலும் ஏறியிருக்கும், காற்று நேரே முகத்தில். கால் பாதி செத்த பிறகு ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட அப்படி உழக்கவேண்டும். இறம்பொடைக்கு மேலே உங்களுக்கு வரப்போகிற நிலைமை அதேதான். மாங்குளத்தில் வடக்கே திரும்பினால் காற்றே முதுகில் கை வைத்துக் கொண்டுபோய் விடும். போகிற வழியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலம் வரைக்கும் நான் கடிகாரம் பார்ப்பதில்லை, மெதுவாகத்தான் போவேன். அது என்னுடைய வழக்கம், உங்களுக்குச் சட்டமில்லை.

ஒட்டுசுட்டான் காட்டுப் பகுதியை இருட்டோடு கடக்க வேண்டாம், யானை நிற்கும். ஒன்றுக்குப் போகக் காட்டுக்குள் இறங்குகிற பழக்கமும் வேண்டாம். சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கிற இடத்தில் றோட்டு ஓரத்தை விட்டு ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்த தடத்தோடேயே நில்லுங்கள்.

கரியரில் மண்மூட்டை கட்டி ஓடினால் மலைக்குக் கால் பழகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், நெல்லையும் விறகையும் சைக்கிளில் ஏற்றித் திரிந்த தலைமுறையின் பேச்சு அது. மரியாதையோடு மறுக்கிறேன். தட்டை றோட்டில் பாரம் எழும்பும்போதுதான் கனக்கும். வண்டி உருளத் தொடங்கிய பிறகு 25 கிலோ மூட்டை தருகிற மேலதிகத் தடை மிகச் சொற்பம். சில்லும் கம்பியும் உடைவதுதான் மிச்சம். ரயரில் காற்றைக் குறைத்து ஓடச் சொல்கிறவர்களும் உண்டு. அது ரியூப் கடைக்காரருக்கு நல்லது. குளக்கட்டில் ஏறி இறங்குவதும் அப்படித்தான், மூச்சு வாங்கத் தொடங்குமுன் கட்டு முடிந்துவிடும்.

கிழமைக்கு நான்கு நாள் ஓடினால் போதும். ஞாயிறு நீண்ட ஓட்டம். 50 கிலோமீற்றரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சுற்று முழுவதற்கும் வாருங்கள். நான்கு கிழமைக்கு ஒரு தடவை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு இளைப்பாற விடுங்கள். கிழமை நாட்களில் இரண்டு கடினமான ஓட்டம். பூநகரிப் பக்கத்து வெட்டை வெளியில் அல்லது ஆனையிறவில் காற்றைப் பார்த்து இருபது நிமிடம், இடையில் பத்து நிமிடம் மெதுவாக, திரும்ப இருபது நிமிடம். வேகம் எவ்வளவு இருக்கவேண்டுமென்றால், ஒரு முழு வசனத்தை ஒரே மூச்சில் பேச முடியாது, இரண்டு மூன்று சொல்லாக விட்டுவிட்டுப் பேசலாம். இரண்டில் ஒரு நாள் கனமான கியரில், நிமிடத்துக்கு 55, 60 சுற்றில், சீற்றை விட்டு எழும்பாமல் செய்யுங்கள். முழங்கால் நொந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். நாலாவது நாள் சும்மா கடைக்குப் போகிற வேகத்தில் ஓடினால் போதும், அதை வேகமாக ஓடி வீரம் காட்ட வேண்டாம்.

சாப்பாட்டையும் பழகவேண்டும். இப்படியான ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 60 கிராம் அளவு மாச்சத்து உள்ளே போகவேண்டும். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும், ஐந்தாறு பேரீச்சம்பழத்தில் 30 கிராமுக்குக் கிட்ட. பனங்கட்டியைச் சிறு துண்டுகளாகச் சட்டைப் பையில் வைத்திருங்கள், அது முழுக்கச் சீனிதான். பசிக்குமுன் சாப்பிடவேண்டும். முதல் மணித்தியாலத்திலேயே தொடங்குங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச் சீனித் தூள்) கரைத்துக் குடிப்பது உப்புக்கும் தண்ணீருக்கும் நல்லது, ஆனால் அதில் சீனி குறைவு, அதையே சாப்பாடாக நினைக்கக்கூடாது.

இந்த விசயத்தில் வன்னியில் இருக்கிறவர் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா உட்பட உலர் வலயத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு, முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுறோபென் மாதிரியான குளிசையைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல். நோவு குளிசை கேட்கிற அளவுக்கு வந்தால் சீற்றின் உயரத்தைப் பாருங்கள், கியரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓய்வெடுங்கள். வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் ஒருதரம் இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது இறக்கம். யூலையில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று என்று இரண்டு தடவையாவது போகப் பாருங்கள். கண்டி பஸ்ஸில் சில்லைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுபோகலாம், நடத்துநரிடம் முதலே பேசிவைக்க வேண்டும். தங்குவதற்கு இடம் தேடி அலையத் தேவையில்லை. 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ உங்கள் சிநேகிதர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், கம்பளையிலோ புசல்லாவையிலோ ஒரு மாமா வீடு வரும்.

போனால் இறம்பொடைக்கு மேலே உள்ள வளைவுகளை ஏறி, திரும்பி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்குங்கள். பிறேக்கைப் பிடித்தபடியே இறங்கக்கூடாது. சில்லின் விளிம்பைப் பிறேக் கட்டை பிடிக்கிற சைக்கிளில் அந்தச் சூட்டில் ரியூப் வெடித்துவிடலாம். வளைவுக்கு முன்னமே இரண்டு பிறேக்கையும் இறுக்கி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். கண், வளைவு முடிகிற இடத்தில் இருக்கவேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் பள்ளத்துக்குத்தான் போகும். கையை ஹாண்டிலின் கீழ்ப்பகுதியில் பிடியுங்கள், பிறேக்குக்கு அங்கேதான் பலம். எதிரே வருகிற பஸ் வளைவை வெட்டிக்கொண்டு உங்களுடைய பக்கத்துக்கு வரும் என்று எண்ணியே இறங்குங்கள், நீங்கள் நடுக்கோட்டுப் பக்கம் போகவே வேண்டாம். செப்டெம்பரில் அங்கே மழையும் பனிப்புகாரும் இருக்கும். ஈர விளிம்பில் கட்டை உடனே பிடிக்காது. முதலில் மெல்லத் தொட்டு ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

குளிரையும் குறைத்து மதிக்கக்கூடாது. கிளிநொச்சியில் 34 பாகையில் பழகிய உடம்பு, ஏறி வியர்த்து நனைந்து, 15, 16 பாகைக் குளிரில் காற்றை வெட்டிக்கொண்டு இறங்கும்போது விரல் விறைக்கும். விறைத்த விரலால் பிறேக் பிடிக்க முடியாது. கையுறையும் மெல்லிய மழைச்சட்டையும் கொண்டுபோங்கள். சட்டைக்குள் நெஞ்சில் பத்திரிகைத் தாள் வைத்து இறங்குவது பழைய றேஸ்காரரின் வேலை. நுவரெலியா ரவுண் கடையில் ஒரு பேப்பர் வாங்கினால் முடிந்தது.

கடைசி இரண்டு கிழமையில் புதிதாக எதையும் கூட்டாதீர்கள். தூரத்தைப் பாதியாக்கி, காற்றுக்கு எதிரான ஓட்டத்தை மட்டும் கட்டையாக வைத்திருங்கள். புதுப் பிறேக் கட்டைகளை அந்த நேரத்தில் போட்டு, இரண்டு மூன்று நாள் ஏ9இல் தேய்த்துப் படியவைத்துவிட்டுப் போங்கள். உங்களிடம் என்ன சைக்கிள், எத்தனை பல்லு என்று கீழே எழுதினால் கியர்க் கணக்கைப் போட்டுச் சொல்கிறேன்.