மகரந்தம் சேர்க்கும் கலைஞர் வோல்ஃப்காங் லைப்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கவிதா: அருங்காட்சியகத் தரையில் மஞ்சள் பொடி விரித்திருந்த படம் பார்த்தேன். சாயப்பொடியா அக்கா?

முழுக்க மகரந்தம் கவிதா. 2013-இல் லைப் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹேசல் என்ற கொட்டை தரும் புதர்மரத்தின் மகரந்தத்தைச் சுமார் 18 அடிக்கு 21 அடி பரப்பில் சலித்து விரித்தார். 1990-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் சேர்த்து வைத்தது அது. தென் ஜெர்மனியில் தன் கிராமத்தைச் சுற்றிப் புதர் புதராகப் போய்த் தன் கையாலேயே எடுக்கிறார். குளிர் விடும்போது ஹேசல், அப்புறம் டான்டெலியன் என்ற மஞ்சள் பூப் பூக்கும் புல்வெளிச் செடி, கோடை நெருங்கும்போது பைன். பைன் தாராளமாகக் கிடைக்கும். மற்றவை பருவம் முழுக்க அலைந்தாலும் கொஞ்சம்தான் தேறும். காட்சி முடிந்ததும் அள்ளி, தூசு நீக்கி, திரும்பக் குப்பியில் அடைத்துவிடுவார். என்னைக் கேட்டால், அந்தப் புல்வெளியில் கழியும் மாதங்கள்தான் அவருடைய கலை. கூடத்தில் நாம் பார்ப்பது அதன் கடைசிப் பகுதி.

முருகன்: டாக்டருக்குப் படித்தவராமே?

ஆமாம், ஜெர்மனியில் உள்ள ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில். குடிநீர்ச் சுகாதாரம் பற்றிய ஆய்வேட்டுக்காகத் தென்னிந்தியாவில் களப்பணி செய்தவர். 1974-இல் படிப்பை முடித்தும் மருத்துவம் பார்க்கவில்லை. ஆனால் தொழிலை மாற்றிக்கொண்டதாக அவர் நினைப்பதே இல்லை. மருத்துவத்தில் தேடியதைக் கலையில் தொடர்கிறேன் என்பார். பிற்காலத்தில் மதுரைப் பக்கம் ஒரு கிராமத்திலும் பணிக்கூடம் அமைத்துக்கொண்டார்.

சரவணன்: அவருடைய பால்கல் என்ற படைப்பு நம் பாலாபிஷேகம் மாதிரியா?

அந்த நினைவு நமக்கு வருவது இயல்பு. ஆனால் அபிஷேகத்தில் பால் வழிந்தோடும், இங்கே அசையாமல் நிற்கும். வெள்ளைச் சலவைக்கல்லின் மேற்புறத்தை மிக லேசாகக் குழிவாகத் தேய்த்து, விளிம்புவரை பால் ஊற்றுவார். கல் எங்கே முடிகிறது, பால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 1975-இல் தொடங்கினார். பால் கெட்டுவிடும் என்பதால் தினமும் துடைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். முதல் முறை அவர் ஊற்றுவார், பிறகு அருங்காட்சியக ஊழியர்கள். அந்த அன்றாடக் கடமையை இன்னொருவர் கையில் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஃபாத்திமா: மகரந்தம் எடுப்பது தேனீக்களின் உணவைப் பறிப்பதாகாதா?

நியாயமான கவலை. ஹேசலும் பைனும் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரங்கள். தேவைக்குப் பலமடங்கு உதிர்ப்பவை. டான்டெலியன் அப்படியில்லை, அதில் பூச்சிகளுக்கும் பங்கு உண்டு. ஒருவர் கையால் எடுப்பது சொற்பம் என்பதால் எனக்கு உறுத்தலில்லை. இதையே இயந்திரம் வைத்துச் செய்தால் எதிர்ப்பேன்.

தமிழ்ச்செல்வி (ஆசிரியை): மகரந்தம் சேர்ப்பதைப் பள்ளிப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாமா?

தாராளமாக. மக்காச்சோளக் கொல்லை இருந்தால் பனி காய்ந்த காலை நேரத்தில் போங்கள். ஆண்பூக் கொத்தை வளைத்து, காகிதத்தின் மேல் மெல்லத் தட்டினால் போதும். மகரந்தப்பையின் சக்கைகளும் சேர்ந்து விழும், மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் நிழலில் உலர்த்தியபின் குப்பியில் போடுங்கள். வீசிங், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.