மொரீஷியஸ் உறைப்புக்கு எதைக் குடிப்பது? திண்டுக்கல் தம்பிக்குப் பதில்

தம்பி, இங்கே மொரீஷியஸில் எபேனில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். திண்டுக்கல் பிரியாணியில் வளர்ந்த நாக்கு, ஆனால் மதியம் டோல் பூரியில், அதாவது உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியில், தடவித் தருகிற பச்சை மிளகாய் விழுது கண்ணீர் வரவைக்கிறது. ஐஸ் தண்ணீர், கோலா எதற்கும் அடங்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் பீர்தான் சரி என்கிறார்கள். எதைத்தான் குடிப்பது, இல்லை காரத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விட்டுவிடாதீர்கள். இந்தத் தீவின் பாதிச் சாப்பாடு அந்த மிளகாயோடுதான் சேர்ந்திருக்கிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். 2006இல் கல்யாணமாகி வந்தேன். வந்த மாதமே ரோஸ் ஹில்லில் ஒரு வண்டியில் டோல் பூரி வாங்க நின்றேன். வண்டிக்காரர் “பிமா?” என்றார். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எனக்குப் புரிந்த முதல் வார்த்தை அது, மிளகாய். சந்தோஷத்தில் பலமாகத் தலையாட்டிவிட்டேன். இரண்டாவது வாய்க்குள் காது அடைத்துக்கொண்டது. பக்கத்துக் கடையில் குளிர்ந்த சோடா வாங்கி மடமடவென்று குடித்தேன். எரிச்சல் இரண்டு மடங்காகித் தொண்டைக்கு இறங்கியது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா ஒன்றும் பேசாமல் போய், வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை வாங்கிவந்து என் கையில் வைத்து “மான்ஜே” என்றார். சாப்பிடு என்று அர்த்தம். இரண்டு கடியில் மூச்சு வந்தது. அந்த அம்மா யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அவர் கொடுத்த வெண்ணெயில் இருக்கிறது.

மிளகாயில் எரிவது கேப்சைசின் என்கிற பொருள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். தண்ணீர் குடித்தால் வாயில் இருக்கிற நேரம் மட்டும் குளிர்ச்சி, விழுங்கியதும் பழைய எரிச்சல். நாக்கில் சூட்டை உணர்கிற ஏற்பி ஒன்று இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். கேப்சைசின் அதே பூட்டைத் திறந்துவிடுவதால், ஒன்றும் வேகாமலே வாய் வெந்துபோன மாதிரி இருக்கிறது. 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோலா ஏன் மோசம் என்றால், அதில் இருக்கிற வாயு நாக்கில் பட்டதும் அமிலமாகி அதுவும் தனியாகக் குத்தும். எரிகிற இடத்தில் இன்னொரு எரிச்சல்.

பாலில் கொழுப்போடு கேசீன் என்ற புரதமும் உண்டு. அது கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டு இறக்கிவிடும். அதனால் கொழுப்பு எடுத்த பால்கூட வேலை செய்யும். நம் வீட்டிலேயே இது காலங்காலமாக இருக்கிறதே: இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி, தயிர்சாதத்துக்கு மோர் மிளகாய். ஊரில் நம் அம்மா நல்லெண்ணெயை ஊற்றிக் குழப்பிக் கொடுத்ததும், ரோஸ் ஹில்லில் கிடைத்த அந்த வெண்ணெய் ரொட்டியும் ஒன்றுதான்.

இங்கே காலையில் காத்தோ பிமா வாங்குகிறவர்களைக் கவனியுங்கள். பெயர்தான் மிளகாய் கேக், பார்த்தால் நம் பருப்பு வடை. ஊறவைத்த பருப்பை அரைத்து, மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி போட்டுப் பொரிப்பது. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நசுக்கி வைத்துத்தான் பெரும்பாலும் சாப்பிடுவார்கள். மருந்தைக் கூடவே வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் அது.

ஊரில் காரம் தின்றவனுக்கு இங்கே ஏன் தாங்கவில்லை என்றும் கேட்டீர்கள். ஊரில் மிளகாய் குழம்புக்குள்ளே இருக்கும். எண்ணெயில் வதங்கி, புளியிலும் தேங்காயிலும் கலந்து, சோறு முழுக்கப் பரவி வரும். இங்கே கறியில் உறைப்பு குறைவு. பச்சை மிளகாயை நசுக்கியோ, மசாவாரு என்று எண்ணெய் விட்டு விழுதாக்கியோ தனியாக வைத்திருப்பார்கள். தி பிமா என்கிற சின்ன மிளகாயும் உண்டு, விரல்நுனி நீளம்தான், ஆனால் அடி பலம். ஒரு கரண்டி விழுது என்றால் ஒரு பிடி மிளகாய் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. இதில் ஒரு நன்மை இருக்கிறது, எனக்கு அது புரியவே ஒரு வருஷம் ஆனது: உறைப்பு எவ்வளவு என்று முடிவு செய்வது நீங்கள், சமைத்தவர் இல்லை. வண்டியில் “திகித் பிமா” என்று சொல்லுங்கள், கொஞ்சமாகத் தடவுவார்கள். ஒரு மாதம் அப்படிச் சாப்பிட்டால் மிளகாயின் மணம் தெரிய ஆரம்பிக்கும். பச்சை மிளகாய்க்கு அவ்வளவு நல்ல வாசனை இருப்பது எனக்கு இங்கேதான் தெரிந்தது.

இனி குடிப்பது. டோல் பூரிக்கு நான் மனசாரச் சொல்கிற பதில் அலூதா. நம் பக்கத்து ஃபலூடாவின் உறவுதான். பால், திருநீற்றுப் பச்சிலை விதை, துருவிய கடற்பாசி, வெனிலா அல்லது பாதாம் மணத்தில் சர்க்கரைப் பாகு, ஐஸ். போர்ட் லூயி மத்தியச் சந்தைக்குள் போனால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பால் காரத்தைப் பிடிக்கிறது, சர்க்கரை எரிச்சலை மங்கவைக்கிறது, விதை வழவழவென்று நாக்கின் மேல் உருண்டு போகிறது. முதல் மடக்கை விழுங்காமல் ஐந்தாறு விநாடி வாயிலேயே வையுங்கள். மடமடவென்று குடித்தால் பாதிப் பலன் போய்விடும்.

அலுவலகத்துக்கு மோர் கொண்டுபோங்கள். கடையில் தயிர்க் கிண்ணம் வாங்கும்போது கவனம்: பலவும் இனிப்பும் பழ மணமும் போட்டவை. “நாத்யூர்” என்று எழுதியிருப்பதுதான் நம் தயிருக்குக் கிட்ட வரும். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு அடித்து ஒரு பாட்டிலில் எடுத்துப்போனால் மதியம் பயமே இல்லை. மோரை ரொம்ப நீர்க்க அடிக்காதீர்கள்.

பீரைப் பற்றி நேராகச் சொல்கிறேன். கேப்சைசின் சாராயத்தில் கரையும் என்பது உண்மை. ஆனால் பீரில் சாராயம் சுமார் 5 சதவீதம். மீதி தண்ணீர், கூடவே நுரை. எரிச்சலைத் தணிக்கிற சக்தி அதற்கு இல்லை. ரம்மும் வேண்டாம், ஏற்கெனவே புண்பட்ட நாக்கை அது இன்னும் சுடும். நண்பர்களோடு குடிப்பது உங்கள் விருப்பம், மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள். இளநீர் வெயிலுக்கு அருமை, உறைப்புக்கு அதுவும் தண்ணீர்தான்.

கடற்கரையில் அன்னாசியைச் செதுக்கி உப்பு, மிளகாய், புளிக் கரைசல் போட்டுத் தருவார்கள். அதற்கு எதுவும் குடிக்க வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும்.

ரசத்துக்கு இங்கே ரசோன் என்று பெயர். எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்குத் தமிழில் பேச வராது, ஆனால் தேவாரம் பாடுவார். கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து வந்த கைப்பக்குவம் என்று அவர் தருகிற ரசோனில் மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்கும். வாய் எரியும்போது அதைக் குடிக்காதீர்கள். சூடும் மிளகும் அதே பூட்டைத்தான் திறக்கும். எல்லாம் அடங்கிய பிறகு, கடைசியில் டம்ளரில் வாங்கி மெதுவாகக் குடியுங்கள். உடம்பு வியர்த்து, அந்த ஈரம் காய்கிறபோது கிடைக்கிற குளிர்ச்சி ஜனவரிப் புழுக்கத்தில் பெரிய சுகம். அதற்கு அரைமணி கழித்து, புவா ஷேரி வெனிலாத் தேயிலையில் பால் விட்டு ஒரு டீ.

வாய் எரிச்சல் கால்மணியில் போய்விடும். வயிறு எரிந்தால், அதுவும் வெறும் வயிற்றில் அடிக்கடி எரிந்தால், மோர் குடித்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள். மிளகாய் தொட்ட கையைச் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை. காவடி முடிந்து கோயிலில் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுவார்கள், எல்லாம் சைவம். போர்ட் லூயியில் கைலாசம் கோயில் என்று கேளுங்கள், யாரும் வழி சொல்வார்கள். நாங்கள் குடும்பத்தோடு போவோம், நீங்களும் எங்களோடு வாருங்கள். பந்தியில் எங்கள் பக்கம் உட்காருங்கள். தயிர்ப் பாத்திரம் நான் கொண்டுவருகிறேன்.